அப்பாரோட ராஜ்தூத்தை எடுத்து ஓட்டலாமா, ஆக்ரிக்கு (பழைய இரும்புக்கு) போடறதா?

தம்பி, உங்க கேள்விய ரெண்டு தடவ படிச்சேன். பாலக்காடு ஜில்லா கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்துல தோட்டத்துச் சாளைல (கொட்டகைல) 2009-ல இருந்து நிக்கிற 1979 மாடல் ராஜ்தூத் 175, கேஎல்பி நம்பர், அப்பாரு, அதாவது அப்பாவோட அப்பா, பால் கேன் கட்டி சொசைட்டிக்கு ஓட்டுன வண்டி. இப்ப கிக்கர் இறங்கல, டேங்க்ல துரு, சைலன்சர காணோம், ஆர்சி புக் ஈரம் பட்டு ஒட்டிக் கெடக்குது ஆனா படிக்க முடியுது, அப்பாரு இப்ப இல்ல. ஒரு மெக்கானிக் 80,000 ஆகும்னாரு, ஆக்ரிக்காரர் 9,000 தர்றேன்னாரு, சித்தப்பா "குடுத்துட்டு வேலையப் பாரு"ங்கறாரு. இத ரெடி பண்றது வொர்த்தா, இதான கேட்டிருக்கீங்க. ஆனா இந்த வொர்த்துங்கற வார்த்தைக்குள்ள ரெண்டு கேள்வி ஒட்டிட்டு இருக்குதுங்க. போட்ட காசு திரும்பி வருமாங்கறது ஒண்ணு. அதுக்கு இப்பவே சொல்லிடறேன், வராது, ராஜ்தூத்துல பாதி வந்தாலே பெரிய விசயம். அப்பாரு வண்டி மறுபடி ரோட்டுல ஓடுமா, அதுக்கு நான் எவ்வளவு சிரமப்படணும்ங்கறது இன்னொண்ணு. நீங்க கேக்கறது இந்த ரெண்டாவதுதான்னு நெனைக்கறேன், காசுதான் கேள்வின்னா 9,000 சொன்ன அன்னைக்கே ஏத்தி விட்டிருப்பீங்க.

நான் 1988-ல பொள்ளாச்சில ஒரு பட்டறைல ஸ்பேனர் எடுத்துக் குடுக்கற பையனா சேந்தவன், அப்புறம் மீனாட்சிபுரம் ரோட்டுல சொந்தமா கடை போட்டு இத்தன வருசம் ஆச்சு. கேரளா செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தும் வண்டி வரும், இந்தப் பக்கம் இருந்தும் வரும், அதனால ரெண்டு ஸ்டேட் பேப்பர் வேலையும் ஓரளவு பழக்கம். டூ ஸ்ட்ரோக்தான் நான் அதிகம் கை வெச்சது. போட்டோ பாத்து சொல்ல முடியறதையும், வண்டி முன்னாடி உக்காந்தாத்தான் சொல்ல முடியும்ங்கறதையும் பிரிச்சுப் பிரிச்சு சொல்றேன், அத மனசுல வெச்சுப் படிங்க.

மொதல்ல இந்த வண்டி என்னன்னு தெரிஞ்சுக்கங்க. ராஜ்தூத் 175-ங்கறது போலந்து நாட்டுல எஸ்ஹெச்எல் எம்11-ன்னு ஓடிட்டு இருந்த வண்டி, அத எஸ்கார்ட்ஸ் கம்பெனி 1960-கள்ல ஃபரீதாபாத்துல செய்ய ஆரம்பிச்சாங்க. 173 சிசி, ஒரே சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், மூணு கியர், பெட்ரோல்லயே ஆயில் கலந்து ஊத்தணும். வேகத்துக்காக யாரும் வாங்குன வண்டி இல்லீங்க இது, பாரம் இழுக்கும், மண் ரோட்டுல போகும், பட்டறை இல்லாத ஊர்லயும் ஒரு செட் ஸ்பேனர் இருந்தா சரி பண்ணிக்கலாம், அதனாலதான் பால்காரங்க கையிலயும் விவசாயி கையிலயும் அவ்வளவு காலம் இருந்துச்சு. மைசூர்ல 1961-ல இருந்து செஞ்ச ஜாவா, அதுக்கப்புறம் வந்த யெஸ்டி, 1985-ல வந்த யமஹா ஆர்எக்ஸ் 100, இதுக்கெல்லாம் இன்னைக்கு வாங்கறதுக்கு ஆள் க்யூல நிக்குது, வெல ஏறிப்போச்சு, பார்ட்ஸ் புதுசா செஞ்சே விக்கறாங்க. ராஜ்தூத்துக்கு அந்த மவுசு வரல. வண்டி மட்டம்னு அர்த்தம் இல்ல, இள வயசு பசங்க ஆசைப்பட்ட வண்டியா அது இல்ல, உழைச்ச வண்டி, அவ்வளவுதான். ஆனா மார்க்கெட் வெலைய வெச்சுப் பாத்தா கணக்கு உதைக்கும், அத மறைக்க மாட்டேன்.

இப்ப விசயத்துக்கு வர்றேன். நீங்க எழுதுனதுல நீங்க பயந்திருக்கறது கிக்கர் இறங்காததுக்கும் துருவுக்கும். அந்த ரெண்டும் எனக்குப் பயமே இல்ல. நின்ன வண்டில இன்ஜின் ஜாம் ஆகறது சாதாரணம், துரு தேய்ச்சா போகும். எனக்குப் பயம் ரெண்டே விசயம், இல்லாத பார்ட்ஸ், இல்லாத பேப்பர். இருக்கற பார்ட் எவ்வளவு கெட்டுப் போயிருந்தாலும் அத வெச்சு அளவெடுத்து லேத்துல ஒண்ணு செஞ்சுக்கலாம், இல்லாத பார்ட்டுக்கு அளவே இல்ல. பேப்பர் இல்லாத வண்டிய எவ்வளவு பளபளன்னு செஞ்சாலும் அது சாளைக்குள்ளயே கெடக்க வேண்டியதுதான்.

இது எனக்கு பாடமா வந்தது எப்படின்னா, தொண்ணூறுகள்ல வேலந்தாவளம் பக்கத்துல இருந்து ஒருத்தர் யெஸ்டி ஒண்ணு கொண்டாந்து விட்டாரு, அவங்கப்பா வண்டி. நான் ஆர்வத்துல அன்னைக்கு சாயங்காலமே மொத்தமா பிரிச்சுப் போட்டேன். போட்டோ எடுக்கல, எழுதி வெக்கல, போல்ட்டெல்லாம் ஒரே சாக்குல போட்டேன். அவர் கையில காசு பொரள ஆறு மாசம் ஆச்சு, அதுக்குள்ள நான் கடைய வேற எடத்துக்கு மாத்துனேன், ஸ்டேட்டர் காயில ரீவைண்டிங் குடுத்த எடத்துல அது காணாமப் போச்சு. கடைசில அந்த வண்டி சாக்கு மூட்டையாவே திரும்பிப் போச்சு. அது என் தப்பு, அவர் ஒரு வார்த்த திட்டாம மூட்டைய ஆட்டோல ஏத்திட்டுப் போனது இன்னும் நெனப்பு இருக்குது. அதனால யார் வந்து "பிரிச்சுப் பாத்தாத்தான் சொல்ல முடியும்"னு சொன்னாலும் பிரிக்க விடாதீங்க, பிரிக்காமயே முக்கால்வாசி தெரிஞ்சுக்கலாம். வாழ்க்கைல நான் பாத்த பாதில நின்ன வண்டியெல்லாம் காசு இல்லாம நின்னத விட, எண்ணிப் பாக்காம பிரிச்சதால நின்னதுதான் ஜாஸ்தி.

அப்ப எண்ணிப் பாக்கறது எப்படின்னா, வண்டிய சாளைல இருந்து வெளிய தள்ளி வெளிச்சத்துல நிறுத்துங்க, டயர் சுத்தலன்னா ரெண்டு பேர் புடிச்சுத் தூக்கியாவது. கழுவாதீங்க. சுத்தி சுத்தி ஒரு நாப்பது அம்பது போட்டோ எடுங்க, கேபிள் எது வழியா போகுது, வொயர் என்ன கலர் எங்க சொருவியிருக்குது, எந்த போல்ட் எங்க இருக்குது, எல்லாம். அதுக்கப்புறம் சாளைய அலசுங்க, நெஜமாவே அலசுங்க, பரண், தீவன மூட்டைக்குப் பின்னாடி, பழைய கோழிக்கூண்டு, மோட்டார் ரூம். சைலன்சர் அங்க எங்கயாவதுதான் கெடக்கும், ஓட்டை விழுந்து கழட்டி வெச்சிருப்பாங்க. ஓட்டை விழுந்த சைலன்சரும் தங்கம், அத வெச்சுத்தான் புதுசு செய்யணும். டூ ஸ்ட்ரோக்குல சைலன்சர்ங்கறது சத்தத்துக்கு மட்டும் இல்ல, அதோட நீளமும் உள்ள இருக்கற அமைப்பும் மாறுனா வண்டி இழுக்கறதே மாறிடும், அதனால வேற வண்டியோடத மாட்டுனா ஓடும் ஆனா அப்பாரு ஓட்டுன மாதிரி ஓடாது.

சைலன்சர், சீட், கைப்புடி ரப்பர், மட்கார்டு இதெல்லாம் இல்லைன்னாலும் கெடச்சிடும் இல்ல செஞ்சுக்கலாம். இருக்கான்னு நீங்க முக்கியமா பாக்க வேண்டியது கரண்ட் எடுத்துக் குடுக்கற ஃப்ளைவீல் மேக்னெட்டும் அதுக்குள்ள இருக்கற காயில் பிளேட்டும், கார்பரேட்டர் முழுசா, கம்பெனி ஸ்பீடோமீட்டர், ஹெட்லைட் டூமும் ரிம்மும், டேங்க் மூடி, செயின் கவர், இன்ஜின் ரெண்டு பக்க கவர், முன்னாடி லிங்க் ஃபோர்க்ல இருக்கற கை ரெண்டும். கார்பரேட்டர யாராவது கழட்டிட்டுப் போய் வேற வண்டியோடத மாட்டியிருந்தா அதையும் குறிச்சுக்கங்க, அது ஓடவிடும் ஆனா ட்யூனிங் ரொம்பப் படுத்தும். இந்த லிஸ்ட்ல ஒண்ணோ ரெண்டோ இல்லைன்னா பரவால்ல. நாலஞ்சு இல்லைன்னா, அப்ப எனக்கே யோசனை வந்துடும்.

அடுத்தது இன்ஜின். கிக்கர மேல நின்னு உதைக்காதீங்க, சித்தப்பா பையன் பலசாலியா இருந்தாலும் உதைக்க விடாதீங்க, கிக் ஷாஃப்ட் பல்லு போச்சுன்னா அது தனி தலவலி. ப்ளக்க கழட்டிட்டு அந்த ஓட்டை வழியா டீசலும் டூடி ஆயிலும் (டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு பெட்ரோல்ல கலக்கற ஆயில்) பாதிக்குப் பாதி கலந்து ஒரு சின்ன டம்ளர் அளவு ஊத்துங்க, ப்ளக்க லேசா மாட்டி வெச்சுட்டு ஒரு வாரம் மறந்துடுங்க, நடுவுல குறைஞ்சா இன்னும் கொஞ்சம் ஊத்துங்க. ஒரு வாரம் கழிச்சு ப்ளக்க எடுத்துட்டு டாப் கியர்ல போட்டு பின் வீல கையால முன்ன பின்ன அசைங்க, சும்மா ஒரு விரக்கட அளவு, பலவந்தம் வேண்டாம். க்ளட்ச் ஒட்டிப் போயிருந்தா அதுவும் உங்களுக்கு சாதகம்தான், பவர் நேரா போகும். பத்துல ஏழெட்டு வண்டி இதுலயே விட்டுக்கும். விடலைன்னா அப்ப ஹெட்ட கழட்டி பாக்கணும், பிஸ்டன் ரிங் போர்ல, அதாவது சிலிண்டரோட உள்சுவர்ல, ஒட்டியிருக்கும், அதுவும் முடிஞ்ச கதை இல்ல. அந்த உள்சுவர கடைஞ்சு, அதாவது போர் பண்ணி, ஒரு சைஸ் பெரிய பிஸ்டன் போட்டுக்கலாம், 0.25 மில்லிமீட்டர்ல ஆரம்பிச்சு படிப்படியா 1 மில்லிமீட்டர் வரைக்கும் ஓவர்சைஸ் பிஸ்டன் வரும். பிஸ்டன் தலைல கரிய சுரண்டிப் பாத்தா 25, 50, 75-ன்னு பஞ்ச் அடிச்சிருக்கும், அதுதான் இந்த வண்டி எத்தன தடவ போர் ஆயிருக்குதுன்னு சொல்ற சாட்சி. 100-ன்னு இருந்து அதுவும் தேஞ்சிருந்தா சிலிண்டருக்குள்ள புது லைனர் குழாய் அடிக்கணும், செலவு கூடும், முடியாதது இல்ல.

இன்ஜின் சுத்த ஆரம்பிச்சதும் நீங்களே பாக்கக்கூடிய ஒரு டெஸ்ட் இருக்குது, அதுல வண்டியோட பாதி செலவு தெரிஞ்சுடும். ப்ளக் ஓட்டை வழியா ஒரு நீள ஸ்க்ரூ டிரைவர விட்டு பிஸ்டன் மேல மெதுவா வெச்சுட்டு, மேக்னெட்ட கையால இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்புங்க. மேக்னெட் திரும்பியும் பிஸ்டன் அசையாம ஒரு நொடி நின்னு அப்புறம் "டக்"னு கெளம்புச்சுன்னா கான்ராட் (பிஸ்டனையும் கிராங்க் ஷாஃப்ட்டையும் இணைக்கற தண்டு) பேரிங்குல மேல கீழ ஆட்டம் இருக்குது. கான்ராட் சைடுல கொஞ்சம் ஆடறது இருக்க வேண்டியதுதான், அத பாத்துட்டு சிலபேர் கிராங்க் போச்சுன்னு பயமுறுத்துவாங்க, நம்பாதீங்க. மேல கீழ ஆடக்கூடாது, அதுதான் கணக்கு. அப்படி ஆடுனா கிராங்க பிரஸ்ல பிரிச்சு புது ராடு கிட் போட்டு மறுபடி நேர் பாத்து அடிக்கணும், இதுக்கு எல்லாரும் லாயக்கு இல்ல, கோயம்புத்தூர் பக்கம் கணபதியிலயும் சுத்துவட்டாரத்துலயும் இருக்கற லேத்து பட்டறைகள்ல கிராங்க் வேலை தெரிஞ்ச நல்ல கைங்க இருக்குது, அங்க குடுங்க.

கிராங்க் நல்லா இருந்தாலும் ரெண்டு பக்க ஆயில் சீலையும் மாத்தாம ஸ்டார்ட் பண்ணி ரோட்டுக்கு எடுக்காதீங்க, இத நான் அழுத்திச் சொல்றேன். டூ ஸ்ட்ரோக்குல கிராங்க் கேஸ்தான் பம்ப், பெட்ரோலும் காத்தும் மொதல்ல அங்க போய்த்தான் மேல வரும். பதினஞ்சு வருசம் நின்ன சீல் கல்லு மாதிரி ஆயிடும். மேக்னெட் பக்கத்து சீல் விட்டுச்சுன்னா வெளிக்காத்து உள்ள போகும், பெட்ரோல் பங்கு கொறையும், ஐடில் தானா ஏறும், ஓட்டறதுக்கு நல்லா இருக்கற மாதிரிதான் தெரியும், சித்தூர் தாண்டறதுக்குள்ள பிஸ்டன் புடிச்சு பின் வீல் லாக் ஆயிடும். கியர் பக்கத்து சீல் விட்டுச்சுன்னா கியர் ஆயில உறிஞ்சி எரிக்கும், வெள்ளப் பொகை நிக்காம வரும், கியர் ஆயில் லெவல் எறங்கிட்டே இருக்கும். பழைய சீல் பாக்க நல்லாத்தான் இருக்குதுன்னு எவனாவது சொன்னா கேக்காதீங்க. சீல் வெல சில நூறு ரூபா, ஒரு பிஸ்டனும் உங்க முழங்காலும் அத விட ஜாஸ்தி.

ஃப்ரேம் விசயத்துல உங்க வண்டிக்கு ஒரு நல்லதும் ஒரு கெட்டதும் இருக்குது. நல்லது என்னன்னா, கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி பக்கமெல்லாம் பாலக்காட்டுல மழை கம்மியான கிழக்குப் பக்கம், கணவாய்க் காத்து அடிச்சுட்டே இருக்கும், வண்டி மேல புழுதி படியும் ஆனா ஈரம் தங்காது. கோழிக்கோடு பக்கம் இருந்து கடல் காத்து பட்டு வந்த வண்டிகள நான் பாத்திருக்கேன், பெயிண்ட் நல்லா இருக்கும், உள்ள குழாய் சல்லடையா இருக்கும். உங்களது அந்த ஜாதி இல்ல. கெட்டது என்னன்னா மாட்டுத் தொழுவத்துக்குப் பக்கத்துல நின்ன வண்டின்னா சாணி, மூத்திரம் பட்ட எடம் மட்டும் அரிச்சிருக்கும், அதனால கீழ சென்டர் ஸ்டாண்ட் மாட்டற எடம், பின் ஸ்விங் ஆர்ம் சேர்ற எடம் ரெண்டையும் ஸ்க்ரூ டிரைவர் முனைல குத்திப் பாருங்க, உள்ள எறங்கக் கூடாது. பால் கேன் கட்டுன வண்டிங்கறதால கேரியர் மாட்டுன எடத்துல வெடிப்பு இருக்கான்னும், ஏற்கனவே வெல்டிங் வெச்சிருக்காங்களான்னும் பாருங்க. வெல்டிங் வெச்சிருந்தா தப்பில்ல, நேரா இருக்கணும். பின் வீல்ல இருந்து முன் வீல் வரைக்கும் ரெண்டு பக்கமும் நூல் புடிச்சுப் பாத்தா வண்டி வளஞ்சிருக்கான்னு தெரிஞ்சுடும். லிங்க் ஃபோர்க்குல புஷ் கண்டிப்பா தேஞ்சிருக்கும், அது லேத்துல செஞ்சுக்கலாம்.

டேங்க் பத்தி ஒரே ஒரு விசயத்த மட்டும் தயவுசெஞ்சு கேளுங்க. ஓட்டை இருக்குதுன்னு பக்கத்துல இருக்கற கேஸ் வெல்டிங் கடைக்கு நேரா எடுத்துட்டுப் போயிடாதீங்க. பத்து பதினஞ்சு வருசம் காலியா இருந்த டேங்க்லயும் பெட்ரோல் பிசின் ஒட்டியிருக்கும், சூடு பட்டா ஆவியாகி வெடிக்கும், ஆள் போயிடும். சோப்புத் தண்ணி ஊத்தி பல தடவ கழுவி, தண்ணி நெரப்பி வெச்சு வேலை செய்யத் தெரிஞ்ச டேங்க்காரர் கிட்ட மட்டும் குடுங்க. துரு மட்டும்தான்னா கடைல கெடைக்கற வினிகர ரெண்டு நாள் நெரப்பி வெச்சு, பழைய செயின் துண்டு ஒண்ண உள்ள போட்டு குலுக்கி, அப்புறம் ஆப்ப சோடா கரைச்ச தண்ணில கழுவி, அன்னைக்கே வெயில்ல நல்லா காயவெச்சு ஆயில் சுத்தி விட்டா போதும். இப்ப பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், அது ஈரத்த இழுக்கும், பழைய ரப்பர் ட்யூபையும் கார்க் வாஷரையும் உப்ப வெக்கும், அதனால பெட்ரோல் ட்யூப், டேப் வாஷர் எல்லாம் புதுசு போட்டுட்டு, மாசக்கணக்குல நிறுத்தறப்ப கார்பரேட்டர காலி பண்ணிடணும். வொயரிங், டயர், ட்யூப், ப்ரேக் ஷூ இதெல்லாம் எப்படி இருந்தாலும் புதுசுதான், அதுல யோசிக்க ஒண்ணும் இல்ல.

இப்ப பேப்பர். உண்மையச் சொன்னா ஒரு ரூபா செலவு பண்றதுக்கு முன்னாடி இதத்தான் செய்யணும், நான் இன்ஜின் ஆள்ங்கறதால இன்ஜின மொதல்ல எழுதிட்டேன். ஆர்சி புக்க பிரிக்க அவசரப்படாதீங்க, நெழல்ல காயவெச்சு ஒவ்வொரு பக்கமா போட்டோ எடுங்க. அதுல இருக்கற சேசிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் வண்டில பஞ்ச் அடிச்சிருக்கறதும் ஒரே நம்பரான்னு எழுத்து எழுத்தா பாருங்க. துரு இருந்தா மண்ணெண்ணெயும் துணியும் வெச்சு மெதுவா தொடைங்க, எமரி பேப்பர் போடாதீங்க, க்ரைண்டர் பக்கமே போகாதீங்க. ஆர்டிஓ ஆபீஸ்ல செல்லோடேப் ஒட்டி பென்சில்ல தேய்ச்சு அச்சு எடுப்பாங்க, அது தெளிவா விழலைன்னா கதை கந்தல். பெயிண்ட் அடிக்கறவன் கிட்டயும் நம்பர் இருக்கற எடத்துல பட்டி போடாதன்னு கையப் புடிச்சு சொல்லணும்.

மோட்டார் வாகன சட்டப்படி சொந்த உபயோக வண்டிக்கு ரிஜிஸ்ட்ரேஷன் மொதல் 15 வருசம், அதுக்கப்புறம் அஞ்சஞ்சு வருசத்துக்கு புதுப்பிக்கணும். உங்க வண்டி 1994-ல இருந்தே புதுப்பிச்சு ஓடியிருக்கணும், புக்ல கடைசி முத்திரை எந்த வருசம்னு பாருங்க, அதுல இருந்து இன்னைக்கு வரைக்கும்தான் பாக்கி. கேஎல்பி-ங்கறது 1989-க்கு முன்னாடி பாலக்காடு ஜில்லாவோட எழுத்து, அதனால பழைய ரெக்கார்டு பாலக்காடு ஆர்டிஓ-ல இருக்கணும், இப்ப உங்க ஊருக்கு சித்தூர் ஆபீஸ், கேஎல் 70. மொதல்ல மத்திய அரசோட வண்டி ரெக்கார்டு சைட்டான பரிவாஹன்ல நம்பர அடிச்சுப் பாருங்க. ஏறியிருந்தா பாதி நிம்மதி. ஏறலைன்னா பழைய ரெஜிஸ்டர பாத்து கம்ப்யூட்டர்ல ஏத்தச் சொல்லி மனு குடுக்கணும், இதுதான் ரொம்ப இழுக்கற வேலை, இது நடக்குமான்னு ஆபீஸ்ல கேக்காம நானோ வேற யாரோ இங்க உக்காந்துட்டு சொல்ல முடியாது. அப்பாரு இறந்துட்டதால ஃபார்ம் 31-ல பேர் மாத்தணும், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மத்த வாரிசுங்க சம்மதம் எல்லாம் வேணும், அதனால சித்தப்பாவோட கையெழுத்து இல்லாம இந்த வண்டி உங்க பேருக்கு வராது, அவர் கூட சண்ட போட்டுக்காதீங்க. புதுப்பிக்கறதுக்கு ஃபார்ம் 25. 2025 ஆகஸ்ட்ல வந்த மத்திய அரசு அறிவிப்புப்படி 20 வருசம் தாண்டுன டூவீலருக்கு புதுப்பிக்கற கட்டணம் 2,000 ரூபா, டாக்ஸ் பாக்கியும் தாமதக் கட்டணமும் அதுக்கு மேல. கேரளாவுல டாக்ஸ் பாக்கிக்கு ஒரேதடவைல தீர்க்கற சலுகைத் திட்டம் அப்பப்ப விடுவாங்க, அது இருக்கற சமயமான்னு விசாரிச்சுட்டு கட்டுங்க.

நீங்க கோயம்புத்தூர்ல வேலைங்கறதால வண்டிய தமிழ்நாட்டு நம்பருக்கு மாத்தலாமான்னு யோசிப்பீங்க. 12 மாசத்துக்கு மேல வேற ஸ்டேட்ல வெச்சு ஓட்டுனா மாத்தித்தான் ஆகணும், அதுக்கு என்ஓசி (பழைய ஆபீஸ்ல இருந்து ஆட்சேபணை இல்லைன்னு சான்று), ஃபார்ம் 28, மறுபடி டாக்ஸ், மறுபடி இன்ஸ்பெக்‌ஷன். உங்க எடத்துல நான் இருந்தா மாத்த மாட்டேன். வண்டி சாளைலயே இருக்கட்டும், லீவுக்குப் போறப்ப ஓட்டுங்க, அந்த கேஎல்பி நம்பர் ப்ளேட்தான் அந்த வண்டியோட மொகம். இன்னொண்ணு, பேப்பர் வேலை இழுக்குதுன்னு தெரிஞ்சதும் யாராவது வந்து "ஓடாத ராஜ்தூத் ஒண்ணோட ஆர்சி இருக்குது, நம்பர மாத்திப் பஞ்ச் அடிச்சுக்கலாம்"னு சொல்லுவாங்க. அது குற்றம், வண்டியும் போகும், உங்க பேர்ல கேஸும் வரும். அந்தப் பேச்சு எடுக்கறவன் கிட்ட வேற வேலையும் குடுக்காதீங்க.

விண்டேஜ் ரிஜிஸ்ட்ரேஷன்னு ஒண்ணு கேள்விப்பட்டிருப்பீங்க. 2021-ல வந்த விதி, மொதல் ரிஜிஸ்ட்ரேஷன்ல இருந்து 50 வருசம் தாண்டுன வண்டிக்கு, டூவீலரும் சேத்தி, விஏ-ன்னு எழுத்து வர்ற நம்பர் குடுப்பாங்க. புது ரிஜிஸ்ட்ரேஷனுக்கு 20,000 ரூபா, 10 வருசம் செல்லும். உங்களது 1979-னா 2029-லதான் தகுதி வரும். ஆனா அத வாங்கிட்டா தெனமும் ஓட்ட முடியாது, கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, சர்வீஸுக்கு, இதுக்கு மட்டும்தான் ரோட்டுக்கு எடுக்கலாம். சொசைட்டி வரைக்கும், கோயில் நோம்பிக்கு, வயல் வரைக்கும்னு ஓட்ட நெனைக்கறவங்களுக்கு சாதா புதுப்பித்தல்தான் சரி. அந்த விதில எனக்குப் புடிச்சது என்னன்னா வண்டி அதோட அசல் ரூபத்துல இருக்கணும், ஃப்ரேம், இன்ஜின்லயெல்லாம் பெருசா மாத்தியிருக்கக் கூடாதுன்னு போட்டிருக்கறது. அதனால இப்ப நீங்க எத வெட்டறீங்க எத மாத்தறீங்கங்கறது 2029-லயும் பேசும்.

அந்த 80,000 பத்தி. அந்த மெக்கானிக் பொய் சொல்லலைங்க, ஷோரூம்ல இருந்து எறக்குன மாதிரி வேணும்னா, பெயிண்ட், க்ரோம், ரிம், சீட், முழு இன்ஜின், வொயரிங், டயர் எல்லாம் சேத்தா என் கடைலயும் அதுக்குப் பக்கத்துலதான் வரும். ஆனா நீங்க அதக் கேக்கலையே. ஓடணும், ப்ரேக் புடிக்கணும், லைட் எரியணும், அப்பாரு ஓட்டுன மாதிரியே இருக்கணும்னா, கிராங்க் ராடு நல்லா இருந்து டேங்க் தப்பிச்சிருந்தா, என் கணக்குல 20,000-ல இருந்து 30,000-க்குள்ள முடிச்சுடலாம், கிராங்க் வேலை வந்தா அதுக்கு மேல கொஞ்சம். ஊருக்கு ஊர் கூலி மாறும், அத வெச்சுக்கங்க. நான் சொல்றது, பெயிண்ட தொடாதீங்க. டேங்க்ல பால் கேன் கயிறு உரசி உரசி பெயிண்ட் தேஞ்சு தகடு தெரியற எடம் ஒண்ணு கண்டிப்பா இருக்கும், முழங்கால் பட்டு மங்குன எடம் இருக்கும், அத பாலிஷ் காம்பவுண்ட் போட்டு தொடைச்சு ஆயில் துணி போட்டு வெச்சா போதும். புது பெயிண்ட் எப்ப வேணா அடிச்சுக்கலாம், அடிச்சதுக்கப்புறம் அந்தப் பழசு எந்தக் கடைலயும் கெடைக்காது. க்ரோமும் அப்படித்தான், பழைய ரிம்ல புள்ளி புள்ளியா துரு இருந்தாலும் ஸ்போக் டைட்டா இருந்தா ஓடட்டும். கழட்டுன பழைய பார்ட் ஒண்ணு கூட தூக்கிப் போடாதீங்க, தேஞ்ச பிஸ்டன் உட்பட ஒரு டப்பால போட்டு பேர் எழுதி வெச்சுடுங்க.

பார்ட்ஸுக்கு மொதல்ல உக்கடம் பழைய பார்ட்ஸ் கடைங்கள்ல ஒரு நாள் ஒதுக்கிப் பாருங்க, அப்புறம் சென்னை புதுப்பேட்டை. ராஜ்தூத் வடக்க ரொம்ப ஓடுன வண்டி, அதனால டெல்லி கரோல் பாக் பக்கம் இருந்து வரவெக்கறவங்களும் உண்டு. எங்க வாங்குனாலும் பழைய பார்ட்ட கையோட எடுத்துட்டுப் போங்க, பெட்டி மேல எழுதியிருக்கறத நம்பி வாங்காதீங்க, இத்தன வருசத்துல மாடல் மாறி மாறி வந்த வண்டி, பாக்க ஒண்ணா இருக்கும், அரை மில்லிமீட்டர் உதைக்கும்.

எப்ப வேண்டாம்னு சொல்லுவேன்? சேசிஸ் நம்பர் புக்கோட ஒத்து வரலைன்னா, ரெக்கார்டு எங்கயும் இல்லைன்னு ஆபீஸ்ல எழுத்துல சொல்லிட்டா, கிராங்க் கேஸ் அலுமினியம் வெடிச்சு பாதி காணாமப் போயிருந்தா. அப்பவும் ஆக்ரிக்குப் போடச் சொல்ல மாட்டேன், தொடைச்சு ஆயில் போட்டு சாளைலயே நிறுத்தி வெங்கன்னுதான் சொல்லுவேன், அந்த 9,000 ரூபா உங்களுக்கு இன்னைக்கு அவசரத் தேவையா இருந்தா ஒழிய. அது உங்க வீட்டுக் கணக்கு, அதுல நான் பேசக்கூடாது. ஆனா நீங்க எழுதுனத வெச்சுப் பாத்தா, புக் இருக்குது, வண்டி நின்ன எடத்துலயே நின்னிருக்குது, யாரும் பிரிக்கல. என் வரைக்கும் இது எடுக்க வேண்டிய வண்டி.

வர்ற ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போனா நம்பர் ரெண்டையும் புக்கோட ஒத்துப் பாத்துட்டு, ப்ளக்க கழட்டி டீசலும் ஆயிலும் ஊத்திட்டு வந்துடுங்க. சைலன்சர தேடறப்ப மோட்டார் ரூம் பரண மறக்காதீங்க. அடுத்த வாரம் வீல் அசைஞ்சுதா, ஸ்க்ரூ டிரைவர் டெஸ்ட்ல "டக்" வந்துச்சா வரலையான்னு இங்கயே எழுதுங்க, மேக்னெட் பக்கம், கார்பரேட்டர் பக்கம் ரெண்டுக்கும் கிட்டத்துல இருந்து எடுத்த போட்டோவும் போடுங்க, அத பாத்துட்டு சீல், பேரிங் எந்தெந்த சைஸ் பாத்து வாங்கணும்ங்கறத அப்ப சொல்றேன்.